பெசன்ட் நகர் மாரத்தான் பயிற்சிக் குழு: 16 வாரச் சந்தா தகுமா?

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு மூன்று ஆண்டுகள் பெயர் கொடுத்து, மூன்று முறையும் தொடக்கக் கோட்டுக்கே போகாதவன் நான். கைக்கடிகாரம், செயலி, காலணி என்று வாங்காத பொருள் இல்லை. அதிகாலை அலாரம் அடிக்கும்போது அவற்றுள் ஒன்றும் என் போர்வையை இழுக்கவில்லை. ஆகவே, கடந்த செப்டம்பரில் பெசன்ட் நகர் கடற்கரையில் கூடும் ஒரு பயிற்சிக் குழுவில் 16 வாரங்களுக்கு 6,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

பயிற்சித் திட்டத்தில் புதுமை எதுவும் இல்லை. செவ்வாயும் வியாழனும் குறைந்த தூரம், ஞாயிறன்று பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் நெடுந்தூரம். இதை இணையத்தில் காசில்லாமலே எடுத்துக்கொள்ளலாம். நான் பணம் கொடுத்தது உண்மையில் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு. பயிற்சியாளர் அம்மையார் அதை ஸ்கூட்டர் இருக்கையின் மேல் விரித்து வைத்து, ஓட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வராதவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சுழி விழும். அடுத்தடுத்து இரண்டு சுழி விழுந்தால் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அழைப்பு வரும். “என்ன சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று மட்டும்தான் கேட்பார். காய்ச்சல் என்று ஒருமுறை பொய் சொன்னேன். அன்று மாலை, என் வேகத்தில் உடன் ஓடும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் கஞ்சித் தூக்குடன் வீட்டு வாசலில் நின்றார். அந்தக் கஞ்சியைக் குடித்த பிறகு, நவம்பர் மழையில்கூட நான் ஒரு நாளும் தவறவில்லை.

சென்னைப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடல் சூடும் தணிவதில்லை என்பதால், ஞாயிறுகளில் 4.45 மணிக்கே புறப்படச் செய்து வெயில் ஏறுமுன் முடிக்க வைக்கிறார்கள். குறை இருப்பதும் இதே ஞாயிற்றுக்கிழமையில்தான். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் நாங்கள் நான்கைந்து பேர் திரும்பி வருவதற்குள், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு தீர்ந்து, மேசையில் காலிக் குவளைகளும் வாழைப்பழத் தோலும் மிஞ்சியிருக்கும். இது மூன்று முறை நடந்தது. வெயிலில் அதிக நேரம் இருப்பவர்கள் மெதுவாக ஓடுகிறவர்களே என்று எடுத்துச் சொன்னதும் இரண்டு வாரம் எங்களுக்கென ஒரு குடுவையை ஒதுக்கி வைத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். முழங்கால் வலி என்று சொன்னபோதும் “ஓய்வெடுங்கள்” என்பதைத் தாண்டி எந்த ஆலோசனையும் கிடைக்கவில்லை.

ஜனவரியில் 2 மணி 52 நிமிடத்தில் ஓடி முடித்தேன். தானாக எழுந்து ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்கும், நேரத்தைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கும் இந்தக் குழுவில் புதிதாக எதுவும் கிடைக்காது. என்னைப் போன்றவர்கள் தயங்காமல் சேரலாம். முதல் வாரம் கட்டணமின்றி ஓடிப் பார்க்க விடுகிறார்கள், ஆனால் கட்டிய பணம் திரும்ப வராது.