டிஎக்ஸ்7, டி-50, எம்1: எதில் வாத்தியம் நிஜமாகக் கேட்கிறது?

யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்தசைஸர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) வந்தது 1983-இல். அதே இனத்து ரோலண்ட் டி-50 1987-இல், கோர்க் எம்1 அதற்கு அடுத்த வருஷம். இந்த மூன்றில் எது அசல் வாத்தியத்துக்குப் பக்கத்தில் போகிறது என்ற சண்டை கீபோர்டு வாசிப்பவர்களிடம் இன்னும் ஓயவில்லை. மூன்றுக்கும் இப்போது மென்பொருள் வடிவம் கிடைக்கிறது (டிஎக்ஸ்7-க்கான டெக்ஸெட் இலவசம்), அதனால் பழைய பெட்டிகளைத் தேடி அலையாமலே அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். என் கட்சி இதுதான்: முதல் நோட்டில் ஜெயிப்பது எம்1. பத்து நிமிஷம் வாசித்த பிறகும் ஏமாற்றத் தெரிந்தது டிஎக்ஸ்7, அதுவும் ஒரே ஒரு வாத்தியத்தில்.

அந்த வாத்தியம் எலக்ட்ரிக் பியானோ. வேடிக்கை என்னவென்றால், டிஎக்ஸ்7-க்குள் எந்த வாத்தியத்தின் பதிவும் கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்த எஃப்எம் முறைதான் உள்ளே ஓடுகிறது: ஆறு சைன் அலைகள், ஒன்றின் அதிர்வை இன்னொன்று குலைத்துப் புது ஒலி உண்டாக்கும். புகழ்பெற்ற எலக்ட்ரிக் பியானோவான ரோட்ஸில் சுத்தியல் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை அடிக்கிறது. மெதுவாக அடித்தால் உருண்டையான நாதம், ஓங்கி அடித்தால் ஒரு உறுமல். டிஎக்ஸ்7-இன் 'ஈ.பியானோ 1' பேட்சில் (தயார் செய்து வைத்த ஒலி) ஒரு அலை அடிப்படை அதிர்வைப் போல 14 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கம்பியின் அந்த 'டிங்' அங்கிருந்துதான் வருகிறது. கட்டையை அழுத்தமாக அடிக்க அடிக்க அந்தக் குலைப்பும் கூடுகிறது. அதாவது சத்தம் மட்டும் ஏறாது, நாதமே மாறும், அதுவும் படிப்படியாக. அழுத்திய விரலுக்குத் தகுந்த பதில் ஒவ்வொரு தடவையும் கிடைக்கிறது. மணி, மரிம்பா போன்ற அடித்து ஒலிக்கும் வாத்தியங்களும் இதே காரணத்தால் தேறிவிடுகின்றன.

மற்றபடி? அதன் ஸ்ட்ரிங்ஸ், வயலின் வேஷம் கட்டிய ஹார்மோனியம். பியானோவைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை.

டி-50-இன் தந்திரம் வேறு. அந்தக் காலத்தில் மெமரி கொள்ளை விலை. முழு வாத்தியத்தையும் பதிந்து வைக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் நம் காது ஒரு வாத்தியத்தை அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் ஒலி தொடங்கும் கணத்தில்: புல்லாங்குழலின் 'ஃபூ', வில் கம்பியில் உரசும் கீறல், மீட்டும் நகத்தின் 'டக்'. அந்தத் தொடக்கத் துணுக்கை மட்டும் நிஜமாகப் பதிந்து வைத்து, மீதியை சின்தசைஸர் அலையால் நிரப்பினார்கள். கூடவே ரிவெர்பும் (மண்டபத்தில் வாசித்தது போன்ற எதிரொலி) கோரஸும் (ஒரு ஒலியைப் பலர் சேர்ந்து வாசிப்பது போல் தடிமனாக்குவது) பெட்டிக்குள்ளேயே. டிஎக்ஸ்7-இல் ரிவெர்ப் கிடையாது என்பதை மறந்து இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் டிஎக்ஸ்7 வறண்டுதான் கேட்கும். அதற்கும் கொஞ்சம் ரிவெர்ப் போட்டுவிட்டுக் கேட்பதுதான் நியாயம்.

எம்1 இந்தச் சுற்றுவழி எதுவும் வேண்டாம் என்றது. தொடக்கமும் பதிவு, தொடர்ச்சியும் பதிவு. மொத்தம் 4 எம்பி மெமரி. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குச் சரியாக இருக்கும் இடம் அது. அதற்குள் பியானோ, டிரம்ஸ், பேஸ், குழல், கூட்டாகப் பாடும் குரல் எல்லாம் அடக்கம். 4 எம்பிக்குள் அடக்க இரண்டு காரியம் செய்தாக வேண்டும். ஒன்று, ஒரு பதிவையே பக்கத்துக் கட்டைகளுக்கும் நீட்டுவது. இரண்டு, நீண்ட நோட்டில் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. இரண்டையும் காதால் பிடிக்கலாம். கருப்பு, வெள்ளை விடாமல் வரிசையாக ஒவ்வொரு கட்டையாக மேலே ஏறுங்கள். ஏதோ ஒரு இடத்தில் அடுத்த கட்டையின் குரல் சட்டென்று மாறும். அங்கேதான் ஒரு பதிவு முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது. எம்1-இன் பியானோ 1990-ஐ ஒட்டிய நடன இசையில் பெரும் புகழ் பெற்றது. பளிச்சென்று கூட்டத்தைக் கிழித்து வரும். ஆனால் அதைக் கிராண்ட் பியானோ என்று யாரும் ஏமாறுவதில்லை.

புல்லாங்குழலை வைத்துப் பார்த்தால் மூன்றின் குணமும் வெளுத்துவிடும். ஒரே நோட்டை நான்கு தடவை தொடர்ந்து அடியுங்கள். எம்1-இல் முதல் தடவை அசந்துபோவீர்கள். நான்காவது தடவையும் அதே மூச்சு, அச்சு மாறாமல். டி-50-இல் வேகமான சங்கதிகள் அழகாக வரும், ஆனால் நீட்டிப் பிடித்தால் 'ஃபூ' முடிந்து செயற்கை அலை தொடங்கும் தையல் தெரிகிறது. டிஎக்ஸ்7-இன் குழல் தொடக்கத்திலேயே விசில்தான். ஆனால் அதற்கு ஊதுகட்டுப்பாட்டுக் கருவி ஒன்று உண்டு, வாயில் வைத்து ஊதலாம். ஊதும் அளவுக்கு ஒலி பெருத்துச் சிறுக்கும்போது, விசிலாக இருந்தாலும் வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தோன்றும். மூன்றில் எனக்குப் பிடித்த குழல், காதுக்கு மிகக் குறைவாக நிஜமான இதுதான்.

நம் காதுக்கு இன்னொரு கேள்வி உண்டே, கமகம்? இதில் மூன்றும் சேர்ந்தே தோற்கின்றன. வீணையில் கம்பியை இழுத்தால் சுரம் ஏறும், குடத்தின் அதிர்வு அதே இடத்தில் நிற்கும். கீபோர்டில் பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைக்கும் வசதி) போட்டால் குடமும் சேர்ந்து ஏறிவிடுகிறது. அரை சுர அசைவு வரை தப்பிக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? பல வாத்தியம் ஒரே ஆள் வாசிக்க வேண்டிய மேடைக்கு எம்1 போதும்; ஆனால் அதன் 16 குரல் எண்ணிக்கை (ஒரே சமயத்தில் ஒலிக்கும் நோட்டுகள்), இரண்டு ஒலி அடுக்கிய பேட்சில் எட்டாகக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள், பெடலை மிதித்தபடி கோர்ட் மாற்றினால் பழைய நோட்டுகள் காணாமல் போகும். டி-50-ஐ நிஜத்துக்காக வாங்காதீர்கள். உலகில் இல்லாத வாத்தியங்களுக்காக வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து விரலால் பேச டிஎக்ஸ்7.