எலும்புக்குப் பரவிய கர்ப்பப்பைப் புற்றுநோய்: ஒரு நாள் கரண்டா, பத்து நாள் கரண்டா?

கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய் எலும்புக்குப் போவது அபூர்வம். போனால் பெரும்பாலும் முதுகெலும்பு அல்லது இடுப்பெலும்பு. வலிக்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் கேள்வி, எத்தனை நாள் என்பதுதான். ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுப்பது ஒரு முறை. 10 தடவையாக 30 கிரே கொடுப்பது இன்னொன்று. 5 தடவையில் 20 கிரே என்பது இடைப்பட்டது.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்புக்கு ஐந்து வாரம் வெளிக்கரண்ட் வாங்கியவர்களுக்கு, இடுப்பின் பின்பக்க எலும்பு வலுவிழந்து தானாகவே கீறல் விடலாம். எலும்பு ஸ்கேனில் அது புற்றுநோய் போலவே பளிச்சென்று தெரியும். அதற்குப் போய் மறுபடி கரண்ட் வைத்தால் எலும்பு இன்னும் கெடும். இடுப்பில் மட்டும் ஒரே இடம் தெரிந்தால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்சி (சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். உள்கரண்ட் (பிறப்புறுப்பின் உள்ளே கருவி வைத்துக் கொடுப்பது) மட்டும் வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதனால் முன்பு வாங்கியது எது, எத்தனை கிரே என்ற பழைய சீட்டு கையில் இருப்பது அவசியம்.

வலி தணிவதில் ஒரு நாளும் பத்து நாளும் ஏறக்குறைய சமம். இரண்டிலும் பத்தில் ஆறு பேருக்கு வலி குறைகிறது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகலாம். வித்தியாசம் பின்னால்தான் வருகிறது: ஒரு நாள் வாங்கியவர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேருக்கு அதே இடத்தில் மறுபடி கொடுக்க நேர்கிறது, பல நாள் வாங்கியவர்களில் 8 பேருக்கு. குறைவாக வாங்கியவருக்கு மறுபடி கொடுக்க டாக்டர்கள் தயங்குவதில்லை என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது.

கம்பத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அரித்துப்போன முதுகெலும்போடு பஸ்ஸின் பின்சீட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தூக்கிப்போட, பத்து நாள் வந்து போவது சிகிச்சையே அல்ல. பாலரெங்கபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனையில் கரண்டுக்குக் காசு இல்லை என்றாலும், கூட வருபவரின் கூலி போகிறது. வலிக்கு மட்டும் என்றால் ஒரே நாள்தான் எங்கள் தேர்வு. "பத்து நாள் வைத்தால்தான் நல்லா கேட்கும்" என்று பக்கத்து பெட்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

பல நாள் முறைக்கு உரிய இடங்களும் உண்டு. தொடை எலும்பின் வெளிச்சுவர் நீளவாக்கில் 3 செ.மீ.க்கு மேல் அரித்திருந்தால் முதலில் உள்ளே கம்பி வைக்க வேண்டும். புண் ஆறியபின், இரண்டு முதல் நான்கு வாரத்தில், கம்பியின் முழு நீளத்துக்கும் தவணைகளாகக் கரண்ட். கால் தளர்வு, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஒரு நாளா பத்து நாளா என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே எம்.ஆர்.ஐ., ஸ்டீராய்டு, அறுவை டாக்டரின் கருத்து.

ஒரே நாள் முறையில் தடுமாறுவது முதல் வாரம். மூன்றில் ஒருவருக்கு முதல் சில நாள் வலி கூடும். கரண்ட் கேட்கவில்லை என்று பயந்துவிடுவார்கள். கரண்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 8 மி.கி., பிறகு நான்கு நாள் அதே அளவு என்பது இதை ஓரளவு குறைக்கும். ஆனால் இந்த நோயாளிகளில் சர்க்கரையும் உடல் பருமனும் சகஜம். அந்த ஐந்து நாளும் மதியத்துக்கு மேல் சர்க்கரை எகிறும், அளந்து பார்க்க வேண்டும். இடுப்புக்கு மேல் முதுகெலும்பில் வைத்தால் குடலிலும் கரண்ட் படும். முன்கூட்டியே ஒண்டான்செட்ரான் 8 மி.கி. போட்டால் வாந்தி அடங்கும். மெஷின் படுக்கை பலகை மாதிரி கெட்டி. மார்ஃபின் மாத்திரை எடுப்பவர்கள் அரை மணி, முக்கால் மணி முன்னால் ஒரு வேளை போட்டுக்கொண்டால் அசையாமல் படுக்கலாம்.

எலும்பு அரிப்பதைக் குறைக்கும் ஊசியிலும் இரண்டு வழி. ஜோலெட்ரோனிக் ஆசிட் 4 மி.கி., 100 மி.லி. சலைனில் கலந்து குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவது. வேகமாக ஏற்றினால் கிட்னி அடிபடும். டெனோசுமாப் 120 மி.கி. தோலடியில், நான்கு வாரத்துக்கு ஒரு முறை. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (கிட்னி வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழே என்றால் முதலாவது கூடாது, 30 முதல் 60 வரை இருந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டாவதுக்குக் கிட்னி தடையில்லை. ஆனால் கால்சியம் சட்டென்று இறங்கலாம். தவணை தவறினால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயமும் உண்டு. மாதாமாதம் வர முடியாதவர்களுக்கு, கிட்னி இடம் கொடுத்தால், 12 வாரத்துக்கு ஒரு முறை ஜோலெட்ரோனிக் ஆசிட்தான் ஒத்துவரும். மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இந்த ஊசி போடுவதுதான் கிட்னியைக் கெடுக்கும் குறுக்குவழி. எதுவானாலும் ஆடும் பல்லை முன்பே பிடுங்கி, ஈறு ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

கரண்ட் அந்த இடத்தை மட்டும் பார்க்கும். உடலில் மற்ற இடத்து நோய்க்குக் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகள். அல்லது மெதுவாக வளரும் வகையாய், ஹார்மோன் ஏற்பி இருந்தால் மெஜெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மாத்திரை தினம் 160 மி.கி. இதில் எது என்று சொல்ல ஹார்மோன் ஏற்பி, எம்.எம்.ஆர். (மரபணுப் பிழை திருத்தும் புரதங்கள்) பரிசோதனைகள் வேண்டும். எலும்பிலிருந்து எடுத்த துண்டை அமிலத்தில் ஊறவைத்திருந்தால் அவை சரியாக வராமல் போகலாம். முதல் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் அப்போது எடுத்த கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் இருக்கும். கடிதம் கொடுத்து அதை வாங்கி வாருங்கள்.