மலையிலிருந்து கோவைக்கு இறங்குகிறவர்கள் போக்கிய வீட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஓய்வுபெற்ற பணத்தை வைத்துக்கொண்டு நீலகிரி, வால்பாறைப் பக்கமிருந்து கோவைக்கு வந்து போக்கியத்துக்கு வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருப்பதுதான் போக்கியம். அதை மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள், சென்னையில் லீஸ் என்பார்கள். என் அப்பா அம்மாவின் ஐந்து லட்சம் ரூபாய் இதில் போயிருக்கிறது. கடன் கட்டாததால் வங்கி கைப்பற்ற இருந்த வீட்டை, அது தெரிந்தே வீட்டுக்காரரும் புரோக்கரும் சேர்ந்து எங்களுக்குக் கொடுத்தார்கள். அதே காம்பவுண்டில் எங்களைப் போல இன்னும் மூன்று குடும்பங்கள் மாட்டியிருக்கின்றன. அந்தப் புரோக்கர் இன்றைக்கும் வீடு காட்டிக்கொண்டிருக்கிறார். வழக்கு நடப்பதால் பெயர்களை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா குந்தா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறந்தது இலங்கை மலையகத்தில். 1964இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சின்ன வயதில் தாத்தா பாட்டியோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தவர். வேலையில் இருக்கும் வரைதான் தோட்டம் கொடுக்கும் லயன் வீடு. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்ல எங்களுக்கு ஓர் ஊர் கிடையாது.

அம்மாவுக்குப் பல வருடமாக இளைப்பு. மார்கழி, தை மாதத்தில் காலையில் பார்த்தால் புல் மேலெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அதில் கொழுந்து பறிக்கப் போய்ப் போய் முழங்கால் இரண்டும் கெட்டுவிட்டது. "கீழே இறங்கிடுங்கம்மா, மருந்தைவிட அதுதான் உங்களுக்கு நல்லது" என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை 411 மீட்டர். பஸ் மேட்டுப்பாளையத்தைத் தொட்டதுமே அம்மா ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார், மூச்சும் சீராகிவிடும். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரம்தான்.

பணம்தான் இடித்தது. தோட்டத்து வேலைக்கு வரும் பி.எஃப். பென்ஷன் எவ்வளவு என்பது அதில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதன் குறைந்தபட்சத் தொகையை 2014இல் 1,000 ரூபாய் ஆக்கினார்கள், நாங்கள் வீடு தேடியபோதும் அதேதான். அப்பாவுக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. துடியலூர், கவுண்டம்பாளையம் பக்கம் ஒரு பெட்ரூம் வீட்டுக்கே ஏழாயிரம், எட்டாயிரம் வாடகை கேட்டார்கள். போக்கியத்தில் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும். மாத வருமானம் இல்லாமல் பணிக்கொடையும் பி.எஃப்.பும் மட்டும் மொத்தமாகக் கையில் இருக்கிற வயதானவர்களுக்கு, ஒழுங்காக நடந்தால் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. நான் போக்கியத்துக்கு எதிரி இல்லை. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் மலையிலிருந்து எத்தனையோ பேர் இறங்கி வருகிறார்கள், அந்த நம்பிக்கையில்தான் இவர்கள் கை வைக்கிறார்கள்.

புரோக்கர் அப்பாவிடம் முதலில் கேட்டதே, "ஏனுங்க பெரியவரே, மேலேருந்து வர்றீங்களா? எந்தத் தோட்டமுங்க?" என்றுதான். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "உங்க ஆளுங்க நாலஞ்சு பேருக்கு நாந்தானுங்க வீடு பிடிச்சுக் குடுத்தேன்" என்று ஆரம்பித்தார். எந்த மாதம் ரிட்டயர், பணம் வந்துவிட்டதா, லயன் வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு அவசரம் என்பது இரண்டே நிமிடப் பேச்சில் அவருக்குப் புரிந்துவிட்டது. வீடு பார்க்கப் போகும் இடத்தில் எந்தப் புரோக்கராவது வீட்டைப் பற்றிப் பேசாமல் உங்கள் பி.எஃப். பணத்தைப் பற்றிப் பேசினால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

வீடு நரசிம்மநாயக்கன்பாளையம் பக்கம். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு போர்ஷன். நல்ல காற்று, வெயில், போர் தண்ணீர், வாசலுக்குப் பக்கத்திலேயே பஸ். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. சுவரெல்லாம் வெயிலில் வெளுத்த பச்சை. கேட்டை ஒட்டிய சுவரில் மட்டும் நெஞ்சு உயரத்தில், பேப்பர் ஒரு பக்கம் அகலத்துக்குப் புது டிஸ்டெம்பர் பூசியிருந்தது. அதன் ஓரத்தில் பசை காய்ந்து காகிதத் துணுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பற்றிக் கேட்கவும் கேட்டார். "எலக்‌ஷன் போஸ்டருங்க. கேக்காம ஒட்டிட்டானுங்க, சுரண்டிட்டுப் பூசிட்டோம்" என்றார் வீட்டுக்காரர். 2024 தேர்தல் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, யார் கேட்டாலும் நம்புகிற பதில். அங்கே ஒட்டியிருந்தது வங்கியின் நோட்டீஸ். பக்கத்து மளிகைக் கடைக்காரர் பின்னால் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு, பட்டா எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் சரியாக இருந்தன. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றும் காட்டினார்கள். அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. போலிச் சான்றும் இல்லை அது, பத்திரப்பதிவு அலுவலகத்தில் முறையாக வாங்கியதுதான். சூழ்ச்சி அங்கேதான் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தேடிப் பார்த்துக் கொடுத்தது என்பது வில்லங்கச் சான்றின் மேல்பகுதியில் இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு பதிவான எதுவும் அதில் வராது. எங்களிடம் காட்டியது 2021 வரை பார்த்தது. வீட்டுக்காரர் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியதோ 2022இல். ஜெராக்ஸ் எடுத்தபோது தேதி இருந்த மேல்பகுதி பாதி விழாதபடி தாளைத் தள்ளி வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்த நகல் இப்போதும் என்னிடம் இருக்கிறது, போலீசிலும் கொடுத்திருக்கிறேன்.

பணத்தில் மூன்று லட்சம் வங்கி வழியாகப் போனது. மீதி இரண்டு லட்சத்தை ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்று நின்றார் வீட்டுக்காரர். ஒப்பந்தத்தில் மூன்று லட்சம் மட்டும் எழுதினால் போதும், இல்லாவிட்டால் வருமான வரிக்காரன் இருவரையும் கேள்வி கேட்பான் என்று புரோக்கர் அப்பாவைப் பயமுறுத்தினார். உண்மை இதற்கு நேர் எதிர். 2017 ஏப்ரலிலிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதுதான் வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதமும் பணத்தை வாங்கியவருக்குத்தான். முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு என்று எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினார்கள். "பதிவெல்லாம் வேண்டாமுங்க, பதினோரு மாசத்துக்குத் தேவையில்லீங்க" என்றார்கள். வாடகை ஒப்பந்தத்துக்குச் சொல்கிற கணக்கு அது. மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, வாடகைக்கும் வட்டிக்கும் பதிலாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தில் அடமானம் என்ற வகையில் வருகிறது. நூறு ரூபாய்க்கு மேல் என்றாலே பதிவு செய்தாக வேண்டும்.

குடிபோன பிறகு அம்மா ஒரு மார்கழியை இளைப்பு இல்லாமல் கழித்தார். இந்த விஷயத்தில் எனக்கு ஆறுதல் என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் வங்கி அதிகாரிகளும், கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனரும், போலீசும் வந்தார்கள். நான்கு போர்ஷன் கதவையும் தட்டி, சாமான்களை வெளியே வைக்கச் சொன்னார்கள். அப்பா ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். கமிஷனர் பொறுமையாக வாங்கிப் படித்துவிட்டு, "ஐயா, நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே பேங்க் நோட்டீஸ் குடுத்தாச்சு. இது செல்லாதுங்க" என்றார். அம்மா நெபுலைசர் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கரண்ட் பாயின்ட் வீட்டுக்குள் இருந்தது, வீட்டுக்கு சீல் வைத்தாயிற்று. மளிகைக் கடைக்காரர் தன் கடையில் பிளக் போட்டுக் கொடுத்தார். அந்த மனுஷருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கமிஷனர் சொன்னது சட்டப்படி சரிதான் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2002இல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, கடன் 90 நாள் கட்டாமல் போய் வாராக்கடன் ஆனதும் வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது (13ஆம் பிரிவு, 13ஆம் உட்பிரிவு). 60 நாளிலும் கட்டாவிட்டால் சொத்தைக் கைப்பற்றியதாக நோட்டீஸ் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களிலும் போடுவார்கள், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டைப் பற்றியும் தமிழ்ப் பேப்பரில் வந்திருக்கிறது. அது வந்த பிறகுதான் வீட்டுக்காரர் சுவரைச் சுரண்டி டிஸ்டெம்பர் பூசிவிட்டு, அப்பாவின் பணத்தை எண்ணி வாங்கியிருக்கிறார். வியாபாரத்தில் நொடித்துப்போய் வேறு வழியில்லாமல் செய்துவிட்டார் என்று அவர் பக்கத்தில் சிலர் பேசுகிறார்கள். நொடித்துப்போனவர் நான்கு குடும்பத்திடம் தனித்தனியாகப் பணம் வாங்கி, நான்கு பேருக்கும் அதே வெட்டிய ஜெராக்ஸைக் கொடுத்திருக்கிறாரே, இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

வீட்டுக்காரர் போன் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப். புரோக்கர், "நான் வீடு காட்டறவன் தானுங்க, கொடுக்கல் வாங்கலுக்கு நான் எப்படிங்க பொறுப்பு?" என்றார். கமிஷனை இரண்டு பக்கமும் வாங்கியவர் அவர்.

காவல் நிலையத்தில் முதலில் இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதே பதிலை உங்களுக்கும் சொல்வார்கள், அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தனித்தனியாகப் போன வரைக்கும் எங்கள் மனு நகரவில்லை. நான்கு குடும்பமும் சேர்ந்து, நான்கு ஒப்பந்தம், நான்கு ஜெராக்ஸ், பேப்பரில் வந்த நோட்டீஸ், மூன்று லட்சம் போன வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி மேலதிகாரி அலுவலகத்தில் கொடுத்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்த வலுவான சாட்சி அந்த ஜெராக்ஸ்தான். ரொக்கமாகக் கொடுத்த இரண்டு லட்சத்துக்கு இதுவரை ஒரு துண்டுச் சீட்டுகூடக் காட்ட முடியவில்லை.

வக்கீல் செலவுக்குப் பயந்து சும்மா இருக்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும், 1987ஆம் வருடச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும், போன் 15100. அம்மா பெயரில் மனு போட்டு அப்படித்தான் வக்கீல் கிடைத்தார். குடியிருக்கும்போதே சொத்தைக் கைப்பற்றியதாக வங்கி நோட்டீஸ் வந்தால் உடனே கோவையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். குடியிருப்பவரின் உரிமையை அங்கே விசாரிக்க 2016இல் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். முதலில் வரும் 60 நாள் நோட்டீஸுக்கு முன்பே முறையாகப் பதிவு செய்து குடிவந்தவர்களுக்கு அது கைகொடுக்கும். வங்கி கைப்பற்றும் நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் போக வேண்டும்.

இனி வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு. வீட்டுக்காரர் காட்டும் வில்லங்கத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள். சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே நேற்றைய தேதி வரை போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு கிடையாது. அதில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்து, அதற்குப் பிறகு கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்றால் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று அர்த்தம். மூலப்பத்திரத்தையே கண்ணால் காட்டச் சொல்லுங்கள். "லாக்கரில் இருக்கு" என்றால் லாக்கரிலிருந்து எடுத்து வரும் வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அடமானச் சொத்துகளை மத்தியப் பதிவேடான செர்சாயிலும் சிறு கட்டணத்தில் தேடலாம். புரோக்கர் இல்லாத நேரத்தில் தனியாகப் போய் பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே விசாரியுங்கள். எங்கள் தெருவில் நோட்டீஸ் ஒட்டியது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அப்பா விசாரித்த இடத்துக்கெல்லாம் புரோக்கர் கூடவே வந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. போக்கியத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய முத்திரைத் தீர்வையும் கட்டணமும் ஆகும், அதைப் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாம் என்று கேளுங்கள். முழுவதையும் நாங்களே கட்டுகிறோம் என்ற பிறகும் பதிவுக்கு வர மறுக்கிற வீட்டுக்காரரிடம் பேச எதுவும் இல்லை.

அப்பா அம்மா இப்போது காரமடையில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை நான் கட்டுகிறேன். அப்பா ஒரு மில்லில் இரவுக் காவலுக்குப் போகிறார். வீட்டை வங்கி ஏலம் விட்டாலும் கடன் போகத்தான் மிச்சம், அதில் எங்களுக்கு எதுவும் வரும் என்று வக்கீல் நம்பிக்கை கொடுக்கவில்லை. பணத்தை மீட்க சிவில் வழக்கும் தனியாகப் போட்டிருக்கிறோம், அதற்கு மூன்று வருடம்தான் கெடு. கோவை வடக்குப் பக்கம் இதே மாதிரி மேல்பகுதி வெட்டுப்பட்ட வில்லங்க ஜெராக்ஸை யாரிடமாவது காட்டியிருந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் அந்த நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வங்கி வருவதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே புகார் கொடுங்கள்.