வேலூர் வெயிலில் மாடி வீடு: நான்கு கோடைக்குப் பிறகு எது நிற்கிறது, எது நிற்கவில்லை

ஏசி வாங்கலாமா, எத்தனை டன் போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மொட்டை மாடிக்கு என்ன செய்திருக்கிறீர்கள்? சத்துவாச்சாரியில் எங்கள் வீடு முதல் மாடி. மேலே வெறும் தளம், மேற்கில் மறைப்பே இல்லாத சுவர். வேலூரில் இப்படி ஒரு வீட்டில் குடியிருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம், பங்குனி பாதியில் ஆரம்பிப்பது கத்திரி முடிந்த பிறகும் விடாது, சுற்றியிருக்கிற பாறை மலையெல்லாம் பகலில் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். பகலில் ஆபீசில் இருந்துவிடலாம். ராத்திரி எங்கே போவது?

ராத்திரிதான் உண்மையான பிரச்சினை. கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடித்து, இருட்டிய பிறகு அதைக் கீழே இறக்க ஆரம்பிக்கும். அடுப்பை அணைத்த பிறகும் சூடு விடாத இரும்புச் சட்டி மாதிரி. பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அந்த நேரத்தில் ஃபேனைப் போட்டால் அது மேலே இருக்கிற அனலைத்தான் வாரிக் கீழே கொட்டுகிறது. ஏசி போட்டாலும் அது முக்கால்வாசி நேரம் அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டும், கரன்ட் பில் அங்கேதான் போகிறது.

அதனால் நாங்கள் காசை முதலில் மாடியில் போட்டோம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட், இரண்டு கோட். எங்களுக்குக் கூலியோடு சதுர அடிக்கு 25 ரூபாய் பக்கம் ஆனது. வெள்ளை டைல்ஸ் பதிக்க அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சொன்னார்கள், தளத்துக்குப் பாரமும் கூடும். பெயிண்ட்டைவிட அதற்கு முந்தைய வேலைதான் முக்கியம் என்பதை மேஸ்திரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், "சார், பாசி ஒரு பொட்டு இருந்தாலும் அடுத்த மழையில உரிஞ்சிடும்" என்று. இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்து, விரிசலையெல்லாம் அடைத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, விடியற்காலையில் முதல் கோட், அது காய்ந்ததும் குறுக்குவாட்டில் இரண்டாவது கோட். வெயில் ஏறிய பிறகு அடித்தால் பிரஷ் இழுக்கும்போதே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

பலன் அந்த வாரமே தெரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அதில் வெறுங்காலோடு நிற்க முடிந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரமாக அடிக்காமல் விட்ட ஒரு சாண் அகலப் பட்டையில் கால் வைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் தெர்மாமீட்டரில் இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது, எண்ணில் பார்த்தால் சின்னதாகத் தெரியும், ஆனால் தூக்கத்துக்கு அது பெரிய விஷயம். அம்மா பாயை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போவதை நிறுத்தினார்.

இப்போது விளம்பரத்தில் சொல்லாத பக்கம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஓரங்களில் கறுப்பாகப் பாசி பிடிக்கிறது, கோடையில் புழுதி படிகிறது, அழுக்கு ஏற ஏற வெயிலைத் திருப்பும் சக்தியும் இறங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசிக்கு முன்னால், தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். கடையில் சொன்ன ஆயுள் எங்களுக்கு வரவில்லை. மூன்றாவது கோடை முடிவதற்குள் தண்ணீர் தேங்கும் மூலையில் உரிந்துவிட்டது, அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப அடித்தோம். பகலில் மேலே போனால் கண் கூசும், வத்தல் காயவைக்கக் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டாம், சுண்ணாம்போடு கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து அடித்தாலே ஒரு கோடை தாங்கும். மழையில் கரைந்துவிடும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது மேற்குச் சுவர். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குழாய் நட்டுப் பச்சை வலை கட்டினோம். வலையைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் பிரயோஜனம் இல்லை, நடுவில் காற்று ஓட இடம் வேண்டும். கீழே ஒரு புங்கன் கன்றும் வைத்தோம், அது இப்போதுதான் ஜன்னல் உயரத்தைத் தொட்டிருக்கிறது. இடம் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு புங்கன் வையுங்கள், அந்த நிழலுக்கு ஈடு எதுவும் கிடையாது.

ஃபேன் எல்லாம் பிஎல்டிசிக்கு, அதாவது கரன்ட் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேனுக்கு, மாற்றினோம். கணக்கு சுலபம்: பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் பழையது 1.2 யூனிட், புதியது அரை யூனிட்டுக்கும் கீழே, இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே நாற்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். நம்மூரில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை கிடைக்கிற சலுகையும் கைவிட்டுப் போகிறது, அதனால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த நாற்பது ரொம்பப் பெரிசு. கரன்ட் போனால் இன்வெர்ட்டரிலும் கூடுதல் நேரம் ஓடுகிறது. குறை என்றால், ஒன்றில் சர்க்யூட் போர்டு போனது, வாரன்ட்டியில் மாற்றித் தந்தார்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஏர் கூலரைச் சென்னைக்காரர்கள் குறை சொல்வார்கள், அவர்கள் ஊருக்கு அது சரிதான். தண்ணீர் ஆவியானால்தான் கூலர் குளிரும், காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். வேலூரில் ஏப்ரல், மே மத்தியானம் அடிப்பது வறண்ட அனல், அதற்குக் கூலர் அருமையாக வேலை செய்கிறது, ஏசி இழுப்பதில் எட்டில் ஒரு பங்கு கரன்ட்கூட ஆகாது. ஜன்னலை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு கதவைத் திறந்துவிட வேண்டும், மூடிய அறையில் போட்டால் பிசுபிசுப்புதான் மிச்சம். ஒரு மழை பெய்துவிட்டால் அன்றைக்குக் கூலரை ஓரம் கட்டிவிடுவோம். போர் தண்ணீர் ஊற்றினால் கூலருக்குள் தண்ணீரில் நனையும் பேடில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது, நாங்கள் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து அதையே ஊற்றுகிறோம், பேடு இரண்டு கோடை உழைக்கிறது.

ஏசி இருக்கிறது, அம்மா படுக்கும் அறையில் மட்டும். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழல விடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. தளம் சூடாக இருந்த காலத்தில் விடிய விடிய ஓடிய அதே ஏசி, இப்போது டைமரில் நடு ராத்திரியோடு நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு ஜன்னலைத் திறந்தால் போதும். ஜன்னல் விஷயத்தில் அம்மா ரொம்பக் கறார்: காலை எட்டு மணிக்குள் எல்லாம் சாத்தி, திரை இழுத்துவிட வேண்டும், ராத்திரி வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். கொசுவலை அடித்த ஜன்னல் என்றால்தான் இது நடக்கும், அதற்குச் செய்த செலவு வீண் போகவில்லை.

மாடிக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் பிப்ரவரியிலேயே ஆள் சொல்லிவிடுங்கள். மார்ச் பிறந்துவிட்டால் மேஸ்திரி கிடைப்பதும் கஷ்டம், அந்த வெயிலில் அவர்களைத் தளத்தில் நிறுத்தி வேலை வாங்குவதும் நியாயம் இல்லை.