மருந்தெச்சத்தைப் பிடிக்குமா? ஒரு சிரட்டைக்கரி வடிகட்டியின் மதிப்பீடு

அட்டன் நகரத்துக் கடையொன்றில் நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய, குழாயில் பொருத்தும் சிரட்டைக்கரி வடிகட்டியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் பீலித் தண்ணீர், அதாவது மலையோடை நீர், மேட்டிலுள்ள தோட்ட லயங்களின் மலக்குழிகளைக் கடந்தே இறங்குகிறது; அங்குள்ளோர் விழுங்கிய மருந்தின் மிச்சம் அதில் கலக்கக்கூடும். ஆகவே, "மருந்தெச்சங்களை ஆறு மாதம் வரை முழுமையாக அகற்றும்" என்று பெட்டியில் அச்சிட்டிருந்த வாசகம், உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் என்னைப் பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்துச் சருகு வாடையும் மஞ்சள் நிறமும் பொருத்திய அன்றே நின்றன. கரித்தூள் கலந்த முதல் இரண்டு வாளி நீரை ரோசாச் செடிக்கு ஊற்றினோம். வேறு தொல்லை இல்லை.

ஆறு மாதக் கணக்குதான் இடிக்கிறது. உள்ளே இருந்த விளக்கத்தாள், மூலக்கூறுகள் மேற்பரப்பில் ஒட்டுவதை விளக்க இரசாயனவியலாளர் லாங்மியூர் 1918இல் தந்த மாதிரியைப் பின்பற்றுகிறது: கரியின் மேற்பரப்பில் ஒரே தன்மையுள்ள இருக்கைகள் உள்ளன, ஒன்றில் ஒரு மூலக்கூறே அமரும், எல்லாம் நிரம்பியதும், நீரிலுள்ள செறிவுக்கு ஏற்ப ஒட்டும் அளவைக் காட்டும் வளைகோடு தட்டையாகிவிடும். அந்தத் தட்டையான உச்சத்தைக் கரியின் நிறையால் பெருக்கியே ஆயுளைக் கணித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களது சோதனை, காய்ச்சி வடித்த நீரில் லீற்றருக்குப் பல மில்லிகிராம் டைக்ளோபெனக் என்ற வலி மருந்தைக் கரைத்துச் செய்யப்பட்டது. ஓடைகளில் மருந்தெச்சம் பெரும்பாலும் மைக்ரோகிராம் அளவிலோ அதற்கும் கீழோதான் இருக்கும். அங்கே நாம் வளைகோட்டின் அடிவாரத்தில் நிற்கிறோம், உச்சிக்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு, மட்கிய சருகின் சேதனப் பொருள் முந்திக்கொண்டு இருக்கைகளைப் பிடிக்கும். சீரற்ற மேற்பரப்புக்குப் பொருந்தும் பிரண்ட்லிச் சமன்பாட்டை, அதுவும் பீலி நீரில் எடுத்த அளவீடுகளோடு, இட்டிருந்தால் நம்பியிருப்பேன்.

தொடுகை நேரத்தைப் பற்றித் தாளில் ஒரு சொல்லும் இல்லை. உருளையைக் கழற்றிக் கரியை அளவுசாடியில் கொட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ அரை லீற்றர். குழாயை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் ஓடுகிறது. அப்படியானால் நீர் கரியோடு இருப்பது 15 செக்கன். நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இது பொதுவாகப் பல நிமிடங்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் மெதிலீன் நீலம் என்ற சாயம் கலந்த நீரை வடிகட்டி வழியே அதே வேகத்தில் விட்டபோது வெளியே இளநீலம் தெரிந்தது. பென்சில் பருமனுக்குக் குறைத்ததும் நிறமின்றி வந்தது.

"மருந்தெச்சம்" என்று ஒரே சொல்லில் அடக்கியதும் தவறு. நீரில் அவ்வளவாகக் கரையாத வலிப்பு மருந்தான காபமசெபின் கரியில் நன்றாக ஒட்டும். நீரை விட்டுப் பிரிய மனமில்லாத மெட்போமின் எளிதில் ஒட்டாது. உடலில் சிதையாமல் சிறுநீரோடு வெளியேறுவதும் அதுவே, எங்கள் லயங்களில் நீரிழிவுக்காரர் நாள்தோறும் விழுங்குவதும் அதுவே.

வாடைக்காகத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். கரி கிருமியைக் கொல்லாது என்பதால் வடித்த நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். போன வாரம் மாற்று உருளை வாங்கப் போனபோது, கரியின் ஒட்டவைக்கும் திறனைக் காட்டும் அயடீன் எண் என்னவென்று கேட்டேன். கடைக்காரத் தம்பி பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "விலை மட்டுந்தான் சேர் போட்டிருக்கு" என்றார்.