உச்சிப்புளியில் ஒரு நாள்: மாமாவின் பிக்கப்பும் அணையாத ஏபிஎஸ் விளக்கும்

இருபது நாள் லீவில் ஷார்ஜாவிலிருந்து தங்கச்சிமடம் வந்திருந்தேன். வந்த அன்றே மாமா வண்டிப் பேச்சை எடுத்துவிட்டார். 2016-இல் வாங்கிய டபுள் கேபின் பிக்கப் அது. மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் முழுக்க உப்பேறிக் கிடக்கிறது.

“மாப்ளே, மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓட முடியுது. லோடு ஆரம்பிச்சா வண்டிய நிறுத்த முடியாது. இந்த விளக்கு மட்டும் அணைய மாட்டேங்குது” என்றார்.

ஏபிஎஸ் விளக்கைத்தான் சொன்னார். பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் ஏபிஎஸ். வண்டி எடுத்துப் பத்து நிமிஷத்தில் எரியும். அதோடு சில நேரம், நிற்கப் போகிற கடைசி நொடியில் பிரேக் மிதி தடதடவென்று காலை உதைக்கும். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே முன் வலது சக்கரத்தின் வேகத்தை அறியும் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் விளக்கு திரும்ப வந்துவிட்டது. அடுத்து, சென்சார் சிக்னலைப் பார்த்து பிரேக்கை இயக்கும் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றவேண்டும், 62,000 ரூபாய் ஆகும் என்றார்களாம்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளிக்கு ஓட்டிப் போனோம். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. ஐம்பது வயதிருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணன் ஸ்கேனரை மாட்டினார். முன் வலது சென்சார் சர்க்யூட் என்று பழுதுக் குறியீடு வந்தது. “தம்பி, சர்க்யூட்னுதான் சொல்லுது. சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்லல. சென்சார், வயர சொருகுற கப்ளர், வயர், யூனிட் நாலும் சேர்ந்ததுதான் சர்க்யூட்” என்றார். இந்த ஒரு விளக்கம் முதலிலேயே கிடைத்திருந்தால் மாமாவுக்கு ஒரு சென்சார் காசு மிஞ்சியிருக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சென்சாரை அதன் கப்ளரிலேயே அளந்தார். மின்தடை 1,150 ஓம் காட்டியது, அதாவது சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. இது உள்ளே கம்பிச்சுருளும் காந்தமும் உள்ள பழைய வகை என்பதால் இப்படி அளக்கலாம், மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் புது வகைக்கு இந்தச் சோதனை செல்லாது என்றார். பிறகு பானெட்டுக்குள் யூனிட்டின் பெரிய கப்ளரை உருவி, அதே இரண்டு வயரையும் அந்த முனையிலிருந்து அளந்தார். அங்கேயும் அதே எண்.

“அப்போ வயரும் நல்லாத்தானே இருக்கு அண்ணே?” என்றேன்.

“ஸ்டியரிங்க வலது பக்கம் முழுசா ஒடிங்க.”

ஒடித்தேன். எண் ஓடத் தொடங்கி, கடைசியில் மீட்டர் எதையும் காட்டவில்லை. மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம்தான். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வயரும் இருப்பதுபோலவே காட்டும். வண்டி சும்மா நிற்கும்போது அளந்துவிட்டு வயர் சரி என்று சொன்னால் ஏமாந்துபோவோம்.

சக்கரத்துக்கு மேலே வயரைப் பிரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. வயர்த் தோலில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. முன்பு யாரோ டெஸ்ட் லாம்ப் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். உப்புத்தண்ணீர் அதன் வழியே இறங்கி, தோலுக்குள்ளேயே ஒரு சாண் நீளம் ஊறிப் போயிருந்தது. உரித்தால் பச்சைக் களிம்பு. இழைகள் விரலில் பொடியாக உதிர்ந்தன. எனக்கு நெஞ்சு பதறியது. பிரேக் சம்பந்தப்பட்ட வயர் இது.

பளபளக்கிற செம்பு வரும்வரை வெட்டினார். பழைய ஜோடி எப்படி முறுக்கியிருந்ததோ அப்படியே புது ஜோடியையும் முறுக்கினார். முறுக்கு இல்லாவிட்டால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சல் சிக்னலில் ஏறிவிடுமாம். அசைகிற இடத்தில் ஈயம் உருக்கி ஒட்டினால் அதன் ஓரத்திலேயே வயர் விறைத்து ஒடியும் என்று, வயரை உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி கிரிம்ப் அடித்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கிப் போட்டார்.

மிதி உதைத்ததற்குக் காரணம் வேறு. சென்சார் உட்காரும் இடத்தில் துரு பிடித்துச் சென்சாரைத் தூக்கியிருந்தது. பல்சக்கரத்துக்கும் அதற்கும் இடைவெளி கூடியதால், மெதுவாகப் போகும்போது சிக்னல் விழவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டது என்று யூனிட் தப்பாக நினைத்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. புதுச் சென்சார் போட்டவர்கள் அந்தத் துருவைச் சுரண்டவே இல்லை. சுரண்டி உட்காரவைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி அளந்தார். இடது, வலது இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவு வோல்ட் வந்தது. அப்புறம் யூனிட்டின் எர்த் போல்ட்டையும் தேய்த்துக் கிரீஸ் பூசினார்.

நாலு மணி நேர வேலை. வயர், ஸ்லீவ், கிளிப் 350 ரூபாய், கூலி 600. கண்டுபிடித்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன். “பாக்குறதுக்கு யாரு தம்பி காசு குடுப்பா?” என்றார். நம் ஊர்ப் பில்லில் சாமானுக்கும் கூலிக்கும் இடம் உண்டு, யோசித்ததற்கு இல்லை. அதனால்தான் பல இடங்களில் சாமானை மாற்றிப் பார்ப்பதையே வைத்தியமாக வைத்திருக்கிறார்கள். நான் 2,500 கொடுத்தேன். அவர் மறுத்தார், மாமாதான் பையில் திணித்தார். லீவில் வருகிறவர்கள் வேலையைக் கொடுக்கும்போதே, பார்ப்பதற்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதிதான் இருக்காது. சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

மறுநாள் அரிச்சல்முனைக்கு ஓட்டிப் பார்த்தோம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று, ஆண் கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடா பக்கமிருந்து மணலை வாரி ரோட்டில் போட்டிருந்தது. ஆளில்லாத இடமாகப் பார்த்து மாமா அந்த மணல்மேல் பிரேக்கை அழுத்தினார். இந்த முறை ஏபிஎஸ் சரியாக வேலை செய்ததால்தான் மிதி அதிர்ந்தது, வண்டி நேராக நின்றது. விளக்கு எரியவில்லை.