கேரவனில் ஏஜிஎம் பேட்டரியா, லித்தியமா?

ஆஸ்திரேலியாவில் கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டி) பேட்டரியை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் விலையை வைத்தே ஏஜிஎம்மையும் (மூடிய வகை ஈய பேட்டரி) லித்தியத்தையும் ஒப்பிடுகிறார்கள். எடையிலிருந்து தொடங்குவதே சரி. 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ஏஜிஎம் பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 50 ஏஎச்தான். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சுமார் 12 கிலோ. 80 ஏஎச் வரை கவலையின்றி எடுக்கலாம். ஏஜிஎம் சில நூறு சார்ஜ் சுழற்சிகளில் களைத்துவிடும், லித்தியம் 2,000ஐத் தாண்டும்.

அப்படியிருந்தும் எல்லாரையும் லித்தியத்துக்கு மாறச் சொல்ல மாட்டேன். மின் இணைப்புள்ள கேரவன் பூங்காக்களிலேயே தங்குகிறவருக்கு, விளக்கும் தண்ணீர் பம்பும் மட்டும் பேட்டரியில் ஓடுமானால், ஓர் ஏஜிஎம் தாராளம். பனிமலைப் பகுதியில் உள்ள ஜிண்டபைன் போன்ற இடங்களில் குளிர்கால விடியலில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அந்தக் குளிரில் லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். நல்ல பிஎம்எஸ் (பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று) அதைத் தடுக்கும்; தடுத்த பிறகு, வெயில் அடித்தாலும் செல்கள் சூடேறும் வரை சார்ஜ் ஏறாது. ஏஜிஎம்முக்கு இந்தத் தொல்லை இல்லை.

'பழையதைக் கழற்றிவிட்டு இதை வையுங்கள், வேறெதுவும் மாற்ற வேண்டாம்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். லித்தியத்தின் உள் மின்தடை மிகக் குறைவு. இழுத்துச் செல்லும் வண்டியின் ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) நேராக இணைத்தால், கொடுக்கும் மின்சாரம் முழுவதையும் அது உறிஞ்சும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம். இடையில், எடுக்கும் மின்சாரத்தை அளவோடு நிறுத்தும் 25 அல்லது 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம் வேண்டும். ஈய பேட்டரிக்காகச் செய்த பழைய சார்ஜர்களில் சில, சல்பேட்டைக் கரைக்க 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். அவற்றையும் மாற்றியாக வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே விலை ஒப்பீடு நியாயமாகும்.

எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில் சும்மா இறக்கி வைப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். கெட்டுப்போன லித்தியம் செல்லிலிருந்து வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் உண்டு. அது தீப்பற்றும், அடைபட்ட இடத்தில் வெடிக்கும். மேலே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். 2022இல் வெளியான ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலை, வசிக்கும் பகுதிக்குள் வாயு புகாதபடி அடைத்து, வெளிப்பக்கம் காற்றோட்டம் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். முன்பக்கச் சாமான் அறை, உட்புறம் முற்றிலும் அடைபட்டிருந்தால், நல்ல இடம். கேரவனின் முன்னால் நீளும் இழுவைக் கம்பிமேல் பெட்டி வைத்தால் வாயுப் பிரச்சினை பெருமளவு தீரும். ஆனால் மண் சாலையின் தூசும் கல்லடியும் நேராக அங்கே வந்து விழும், பக்கத்திலேயே எரிவாயு சிலிண்டரும் இருக்கும். பேட்டரி, சுவிட்ச் போன்ற பொறி எழக்கூடியவற்றைச் சிலிண்டரிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும். ஹைட்ரஜன் மேலே ஏறும், எரிவாயு கீழே தேங்கும். ஒன்றுக்கு விட்ட துவாரம் மற்றதற்கு உதவாது. ஏஜிஎம்மும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் விடும், காற்றோட்டம் அதற்கும் தேவை.

ஃபியூஸில் சிக்கனம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. 'பிஎம்எஸ் இருக்கிறதே' என்பது பதிலாகாது. பிஎம்எஸ் செல்களைக் காக்கிறது, கேபிளைக் காப்பது ஃபியூஸ்தான். அதை பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது. லித்தியம் ஷார்ட் ஆனால் பாயும் மின்சாரம் ஆயிரக்கணக்கான ஆம்பியர். பரவலாக விற்கும் மெகா ஃபியூஸ் சுமார் 2,000 ஆம்பியர் வரைதான் நம்பகமாகத் துண்டிக்கும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் 20,000 வரை துண்டிக்கும். பெரிய லித்தியம் தொகுதிக்கு நான் கிளாஸ் டியைத்தான் சொல்வேன்.

பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் 2,000 வாட் என்றால் முழுச் சுமையில் 12 வோல்ட் பக்கம் ஏறத்தாழ 190 ஆம்பியர் ஓடும். ஒரு டெர்மினல் தளர்ந்து, ஓம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை அங்கே சேர்ந்தால், அந்தப் புள்ளியில் மட்டும் 36 வாட் வெப்பம். சிறிய சால்டரிங் அயர்னை அங்கே அழுத்திப் பிடித்த மாதிரி. சாதனங்களை நேராக இன்வெர்ட்டரிலேயே செருகிப் பயன்படுத்துவது எளிய வழி, ஒன்றிரண்டு சாதனங்களுக்கு அது போதும். கேரவன் சுவரில் உள்ள பிளக்குகளுக்கே இணைக்க வேண்டுமானால், வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒருபோதும் சேராதபடி மாற்று சுவிட்சும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடியும் (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். அந்த 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், சட்டமும் அதுதான்.

12 வோல்ட் பக்கத்தை நீங்களே செய்தால், முதல் மண் சாலைப் பயணம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), பேட்டரி தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, மீண்டும் முடுக்கிப் பாருங்கள். ஸ்பானரை எடுப்பதற்கு முன் பேட்டரி ஐசொலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள், கை விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.